பையன்களுக்கு விளையாட்டு பீரியட்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஒரு மாத இதழில் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்களில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, இரு தரப்பு வாதங்களையும் தொகுத்துத் தாருங்கள், தீர்ப்பு எதுவும் வேண்டாம் என்றார்கள். தீர்ப்பு வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒத்துக்கொண்டேன்.

ஓர் ஆசிரியரையாவது பார்த்துப் பேசினால் கட்டுரைக்குக் கொஞ்சம் உயிர் வரும் என்று, தெரிந்தவர் மூலம் மாளவிகாவைப் பிடித்தேன். மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வருவதாகவும் அங்கேயே பேசலாம் என்றும் சொன்னார். நான் இரு தரப்பு வாதங்களைக் கேட்டேன். அவர் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அடுத்த வாரமும் அந்தப் பையனைப் பற்றியே சொன்னார். கட்டுரை இன்றுவரை எழுதப்படவில்லை.

முதல் நாள் பெஞ்சிலிருந்து எழுந்துகொள்ளும்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "என்னை நல்லவளா எழுதிடாதீங்க. கெட்டவளாவும் வேண்டாம். அது உங்களுக்கு இன்னும் சுலபம்."

2

கட்டுரைக்குப் பதிலாகக் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்து, முதலில் எழுதிய தொடக்கம் இது: "கபாலி கோயில் தெப்பக்குளத்தில் அந்த வருடம் தண்ணீர் நன்றாக நின்றது. மாட வீதிகளில் மழை விட்ட பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பூக்கடைக்காரர்கள் தார்ப்பாயை…"

நிறுத்திவிட்டேன். கூச்சமான விஷயத்தைப் பேச வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பாலகணேஷுக்கு அப்போது பதினாலு வயது. ஒருநாள் காலையில் எழுந்தபோது அவன்…"

இதுவும் நின்றுவிட்டது. அடுத்து வர வேண்டிய சொல் கிடைக்கவில்லை. வடமொழியில் ஒன்று இருக்கிறது. லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்தில் வருவது, காதில் விழுந்தாலே வியாதி மாதிரி இருக்கும். பாடப்புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, அதை மனிதர்கள் யாரும் பேசுவதில்லை. தெருவில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி அடி வாங்கியவர்கள் உண்டு. ஓர் அம்மாவோ அப்பாவோ சாப்பாட்டு மேஜையில் சொல்லக்கூடியதாக ஒன்றுமே இல்லை. (இந்த மொழியில் எழுதித்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்காக ஒரு முழு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். வயதுக்கு வருகிற பையன்களுக்குத் தூக்கத்தில் தானாக விந்து வெளியேறுவது உண்டு. அது நோய் இல்லை. மீசை அரும்புவது, குரல் உடைவது மாதிரி அதுவும் ஒன்று. பாலகணேஷுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கதை அவ்வளவுதான். ஒவ்வொருவரும் எப்படிச் சொல்லாமல் போனார்கள் என்பதுதான் மீதி.

3

மாளவிகா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர். கல்யாணமாகி அடையாறுக்குப் போனவர், வேலைக்கு மட்டும் தினமும் மயிலாப்பூருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் பள்ளியில், பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடம் வந்தால் ஆசிரியைகள் பூவின் மகரந்தச் சேர்க்கையை விஸ்தாரமாக நடத்துவார்கள். தேனீ வரும், காற்று வரும், படம் போட்டுப் பாகம் குறிப்பார்கள். மனிதனுக்கு வந்ததும், "இதை வீட்டுல படிச்சுக்கோங்க" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். மாளவிகா மூடியதில்லை. அந்தப் பாடத்தைக் குரல் மாறாமல், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளாமல் நடத்தப் பழகியிருந்தார்.

அந்தத் தைரியத்தில்தான் ஒன்பதாம் வகுப்புக்குத் தனியாகச் சில வகுப்புகள் நடத்தத் திட்டம் போட்டார். உடம்பில் வரும் மாற்றங்கள், அதனால் வரும் பயங்கள், வேண்டாம் என்று சொல்வது, ஒருவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்வது, போனில் பார்ப்பதில் எதெல்லாம் பொய் என்பது. பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பள்ளி முதல்வர் லாரன்ஸ் படித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பேரன்ட்ஸ் ஒத்துக்கணும், மாளவிகா. ஒரு மீட்டிங் போட்டுடலாம். நாளைக்கு யாராவது சேனலைக் கூட்டிட்டு வந்து கேட்ல நின்னா நான் என்ன பண்றது?"

ஒரு சனிக்கிழமை காலை பிரேயர் ஹாலில் கூட்டம். மாளவிகா பேசி முடித்ததும் வாதம் தொடங்கியது. நான் கட்டுரைக்காகக் கேட்ட வாதங்கள் எல்லாம் அங்கே வந்துபோயின. நம்ம பண்பாட்டுக்கு இது சரிப்படாது என்றார் ஒருவர். தெரியாததைச் சொல்லிக்கொடுத்து ஆசையைக் கிளப்புவானேன் என்றார் இன்னொருவர். தெரியாது என்று யார் சொன்னது என்று ஒரு அம்மா கேட்டார். எதிர்த்தவர்கள், "எல்லாம்தான் போன்லயே கெடக்கே, ஸ்கூல்ல வேற எதுக்கு?" என்றார்கள். ஆதரித்தவர்களும், "எல்லாம்தான் போன்லயே கெடக்கே, அதனாலதான் ஸ்கூல்ல சொல்லணும்" என்றார்கள். போன் இரு தரப்புக்கும் சாட்சி சொன்னது.

பிறகு ராஜகோபாலன் எழுந்தார். மஹதி என்ற மாணவியின் அப்பா.

"நான் இதுக்கு எதிரி இல்லை. மேடம் நல்ல டீச்சர். ஆத்துல என் பொண்ணு எப்பவும் இவா பேரைத்தான் சொல்லிண்டிருப்பா. ஆனா சில விஷயத்தை ஒரு குழந்தை அப்பா அம்மா வாயால கேக்கணும். நாங்க தடுமாறிச் சொல்லலாம். பாதி சொல்லி பாதி விட்டுடலாம். ஆனா நாங்கதான் சொல்லணும். அந்தப் பொறுப்பை ஸ்கூல் எடுத்துண்டுடுத்துன்னா, எங்களுக்கும் குழந்தைக்கும் நடுவுல பேச என்ன மிச்சம் இருக்கும்?"

கைதட்டினார்கள். மாளவிகாவுக்கே ஒரு கணம் கைதட்டத் தோன்றியதாம்.

கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். பாலகணேஷின் அம்மா அமுலு. தி. நகரில் ஜவுளிக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருப்பவர். கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார்.

"ஸார் வூட்டுல ஸார் சொல்லுவாரு. எங்க வூட்டுல யாரு சொல்றது? அவரு வண்டிய வுட்டுட்டு வந்தா தூங்கத்தான் நேரம் கீது. பொட்டப்புள்ளயா இருந்தா நான் சொல்லிடுவேன். பையன் விசயம் எனக்கு இன்னா தெரியும்? டீச்சரே சொல்லட்டும். டீச்சர் சொன்னா கேப்பான்."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. லாரன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை மாளவிகா கவனித்தார். வேண்டாம் என்கிற பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் எல்லாமே கைவிட்டுப் போகும் என்று தெரிந்தது. மைக்கை வாங்கினார்.

"இந்த வருஷம் பொண்ணுங்களுக்கு மட்டும் நடத்தறேன். தனியா. பசங்களுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அந்த நேரத்துல அவங்களுக்கு பி.டி. பீரியட் குடுத்துடலாம்."

ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு. எல்லோருக்கும் சம்மதம். ராஜகோபாலனும் தலையசைத்தார். பாதியாவது கிடைத்ததே என்று மாளவிகா நினைத்தார். பஸ்ஸிலும் தெருவிலும் தினமும் சங்கடப்படுகிறவர்கள் பெண்பிள்ளைகள்தான், அவர்களுக்குத்தான் அவசரம் என்று நினைத்தார். அது தப்பான நினைப்பும் இல்லை.

வெளியே வரும்போது கேட்டருகில் அமுலு நின்றிருந்தார்.

"அப்ப எங்க பையனுக்கு, டீச்சர்?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா நடத்திடலாம்மா."

"அடுத்த வருஷத்துக்குள்ள இன்னும் வளந்துடுவான்" என்றார் அமுலு, யூனிஃபார்ம் சின்னதாகப் போவதைப் பற்றிச் சொல்வது போல.

4

ராஜகோபாலனை நான் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். நெற்றியில் திருமண், கையில் நாளிதழ், குரலில் அதிகாரம். எழுத எழுத எனக்கே உற்சாகமாக இருந்தது. அந்த ஆளை யாருக்கும் பிடிக்காது. நீங்களும் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக அடுத்த பக்கம் போயிருப்பீர்கள்.

மாளவிகா படித்துவிட்டு, "இவர் யாரு? எனக்கு இப்படி ஒருத்தரைத் தெரியாது" என்றார்.

அவர் பார்த்த மனிதர் ஜீன்ஸும் காலர் வைத்த டி-ஷர்ட்டும் போட்டவர். ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் செக்ரட்டரி. பெண்ணைப் பாட்டு வகுப்புக்குத் தானே ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருப்பவர். பள்ளியில் மழைநீர் வடிகால் அடைத்தபோது லாரன்ஸோடு நின்று ஆள் பிடித்துச் சரி செய்தவர். தான் சொல்வதை நம்பித்தான் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் தோற்பது கஷ்டம். மாளவிகா தோற்கவும் இல்லை. விட்டுக்கொடுத்தார்.

(இன்னொரு யோசனையும் இருந்தது. ராஜகோபாலனின் பிள்ளைக்கே ஏதாவது ஆகிறது என்று எழுதுவது. நன்றாக முடிச்சுப் போடலாம். ஆனால் வாதத்தில் எதிர்ப்பக்கம் நின்றவரைத் தண்டிக்க ஒரு குழந்தையைப் படுக்கையில் போட எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் படுத்தது, வேண்டும் என்று கேட்டவரின் பிள்ளை.)

5

பெண்களுக்கு வகுப்பு நடந்தது. முதலில் சிரிப்பு, பிறகு அமைதி, பிறகு கேள்விகள். மாளவிகாவுக்கு அந்த வாரங்கள் சந்தோஷமாக இருந்தன. எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போயிற்று. ஒருநாள் மஹதி கை தூக்கினாள்.

"மிஸ், இதெல்லாம் பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுப்பாங்க" என்றார் மாளவிகா.

கீழே மைதானத்தில் பந்து அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பையன்கள் தங்களுக்குள் ஒரு பாடத்திட்டமே தயாரித்திருந்தார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பாலகணேஷ் நல்ல பந்துவீச்சாளன். அந்தப் பருவத்தில் அவன் மெல்ல மெல்ல ஆட்டத்திலிருந்து விலகி, தண்ணீர்க் குழாயருகே உட்கார ஆரம்பித்திருந்தான். கேட்டால் வயிற்றுவலி என்பான். ஒரு மதியம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், ஒரு டவுட்டு."

"பயாலஜியா?"

"ஆமா மிஸ். பயாலஜிதான்." கொஞ்சம் நின்று, "ஆனா புக்ல இல்ல" என்றான்.

பக்கத்து மேஜையில் இரண்டு ஆசிரியைகள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்கள். உரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாளவிகாவுக்குப் புரிந்துவிட்டது. முழுசாக இல்லை, ஆனால் எந்தத் திசையில் இருக்கிறது என்று புரிந்துவிட்டது. பையன்களுக்காக அவர் தயார் செய்திருந்த முதல் வகுப்பே இதைப் பற்றித்தான்.

"அவர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். 'வாடா, நடந்துக்கிட்டே பேசலாம்' என்று அவன் தோளில்…"

இதை எழுதினேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் இது நடக்கவில்லை.

நடந்தது வேறு. பெற்றோர்கள் முன்னால் ஒத்துக்கொண்டது அவர் நினைவுக்கு வந்தது. ஒரு பையனைத் தனியே அழைத்துப் பேசினார் என்று நாளைக்கு யாராவது கிளப்பினால் பெண்களின் வகுப்பும் நின்றுவிடும் என்று தோன்றியது. சாத்துக்குடி மேஜை காத்திருந்தது.

"பி.டி. சாரைக் கேளு, பாலகணேஷ். ஆம்பளை சார்கிட்ட கேட்டா உனக்கும் ஈஸியா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். அவனும், "ஓகே மிஸ்" என்று அன்பாகத்தான் போனான்.

பி.டி. ஆசிரியர் கோதண்டபாணியிடம் அவன் கேட்கவே இல்லை. என் பழைய பிரதி ஒன்றில் அவன் கேட்கிறான், அவர் பத்துப் பேர் முன்னால் வைத்துச் சிரிக்கிறார். கோபப்பட ஓர் ஆள் கிடைப்பார் என்று அப்படி எழுதினேன். ஆனால் அந்த மனிதருக்கு இது எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

6

பாலகணேஷ் தினமும் மின்ரயிலைப் பிடித்துப் பழவந்தாங்கலில்… இல்லை, அது வேறொரு பையன், வேறொரு கதை. பாலகணேஷ் வீடு தி. நகரிலேயே, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில். போகிற வழியில் ஒரு லாட்ஜ். மாதத்தில் சில நாட்கள் அங்கே ஒரு வைத்தியர் வந்து அறை எடுத்துத் தங்குவார். அவர் விளம்பரத்தை உள்ளூர் கேபிள் சேனலில் அவன் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இளமையில் செய்த தவறா? உடல் மெலிகிறதா? ஞாபக மறதியா? கண்ணைச் சுற்றிக் கருவளையமா?

வளர்கிற பையன், மெலிந்துதான் இருந்தான். அல்ஜீப்ரா மறந்துதான் போயிற்று. பயத்தில் தூக்கம் வராததால் கருவளையமும் வந்திருந்தது. தன்னைப் பார்த்துத்தான் அந்த ஆள் பேசுகிறார் என்று நம்பினான். எந்தத் தவறும் செய்யவில்லையே என்று யோசித்தான். செய்திருப்போம், தெரியாமல் செய்திருப்போம் என்றும் நினைத்துக்கொண்டான்.

தன் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்துத் தெருப் பையனிடம் விற்றுவிட்டு லாட்ஜ் படியேறினான். வைத்தியர் நாடி பார்த்தார். உன் ரத்தமெல்லாம் இப்படித்தான் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது, இப்படியே விட்டால் இருபது வயதில் கிழவனாகிவிடுவாய் என்றார். கறுப்பாக ஒரு லேகியம் கொடுத்தார். வீட்டில் சொல்லாதே, சொன்னால் மருந்து வேலை செய்யாது என்றார்.

இரண்டு டப்பா தீர்ந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது பாலகணேஷுக்கு முகம் வீங்கியது. வாந்தி. சிறுநீர் போவது குறைந்தது. அமுலு தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது என்றார்கள். என்ன சாப்பிட்டான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அமுலு சாதம், குழம்பு, முட்டை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஓர் இளம் டாக்டருக்கு மட்டும் ஏதோ தோன்றியிருக்கிறது. அமுலுவை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பையன் லேகியம் வரை எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாப் பசங்களுக்கும் வரதுப்பா. எனக்கும் உன் வயசுல வந்துச்சு. அது நோயே இல்ல" என்றார்.

பாலகணேஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோதானா சார்?" என்றான். பிறகு அழ ஆரம்பித்தான். அமுலு டீயோடு திரும்பி வந்தபோதும் அழுதுகொண்டிருந்தான்.

7

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் பையன் இறந்துபோகிறான். அதை எழுதிய அன்று நான் மிக நன்றாக எழுதியதாக நினைத்துக்கொண்டேன், மறுநாள் வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் அவன் முழுக்கக் குணமாகி மைதானத்துக்குத் திரும்புகிறான். அதைப் படித்தால் நீங்கள் எல்லோரையும் மன்னித்துவிடுவீர்கள், என்னையும் சேர்த்து.

நடந்தது நடுவில். சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தார்கள். சிறுநீரகம் ஓரளவுக்கு மீண்டது, முழுக்க மீளவில்லை. உப்பு பார்த்துச் சாப்பிட வேண்டும், வாழ்நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை, ஓடியாடக் கூடாது. ஒரு படிப்பு வருடம் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாளவிகா அவர்கள் வீட்டுக்குப் போனார். வீடு தையல்கடைக்குப் பின்னாலேயே. பாலகணேஷ் போர்வைக்குள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அமுலு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"காபி குடிங்க டீச்சர்."

"வேண்டாம்மா."

"உங்களாண்ட வந்து கேட்டானாமே?"

மாளவிகா தலையசைத்தார். அமுலுவின் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்குத்தான் மாளவிகா தயாராக வந்திருந்தார்.

"அத்தத்தான் நெனச்சிக்கினே இருக்கேன். என்னாண்ட கேக்கல. அவங்க அப்பாராண்ட கேக்கல. உங்களாண்ட வந்து நிக்கணும்னா எத்தினி நாளு நெனச்சிருப்பான்? ஸ்டாஃப் ரூம் வாசல் வரிக்கும் வந்துட்டு எத்தினி தபா திரும்பிப் போயிருப்பான்?"

மாளவிகா என்ன சொல்லியிருக்கலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதித் தர முடியுமா என்று. முடியவில்லை.

கிளம்பும்போது சுவர் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மிஸ்."

"சொல்லுடா."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கிளாஸ்ல மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்."

"ப்ராமிஸா மிஸ்?"

"ப்ராமிஸ்."

8

அடுத்த வருடம் லாரன்ஸே மறுபடி கூட்டம் போட்டார். மாளவிகா இந்த முறை பையன்களையும் சேர்த்துக் கேட்டார். சென்ற வருடத்தைவிட நன்றாகப் பேசினார், குரல் மட்டும் அங்கங்கே உடைந்தது. பாலகணேஷ் மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு என்பதால் அமுலுவும் வந்திருந்தார், அதே கடைசி வரிசையில்.

ராஜகோபாலன் எழுந்தார். போன வருடம் பெண்ணுக்காக வந்தவர். இந்த வருடம், எட்டாவது படிக்கும் மகன் பிரணவ் அடுத்து ஒன்பதுக்கு வரப்போகிறான் என்பதற்காக வந்திருந்தார்.

"பொண்ணுகளுக்கு நடத்தினது நல்லாத்தான் இருந்தது, ஒத்துக்கறேன். ஆனா பசங்களுக்கு இது இல்லாததால என்ன குறைஞ்சு போயிடுத்து? நான் நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், மேடம். இந்த ஸ்கூல்ல, ஒரு பையன், இதைச் சொல்லிக்குடுக்காததால பாதிக்கப்பட்டான்னு ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கோ. நானே முதல்ல கையெழுத்துப் போடறேன்."

கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டிருப்பார். மாளவிகாவுக்கு அது தெரியும்.

மைக் கையில் இருந்தது. பெயர் சொல்லாமல் சொல்லலாம். ஆனால் போன வருடம் பாதியில் நின்றுபோய், இந்த வருடம் திரும்ப வந்து, பி.டி. பீரியடில் ஓடாமல் உட்கார்ந்திருக்கிற பையன் அந்தப் பள்ளியில் ஒருவன்தான். சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் தெரிந்துவிடும். மஞ்சள்காமாலை என்று அவன் கட்டிவைத்திருந்தது சரிந்துவிடும். மாளவிகா கடைசி வரிசையைப் பார்த்தார். அமுலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, தெரியவில்லை.

ஒரு பிரதியில் மாளவிகா சொல்லிவிடுகிறார். ஹால் உறைந்துபோகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, திங்கட்கிழமை முதல் பாலகணேஷ் பள்ளிக்கு வருவதில்லை. இன்னொரு பிரதியில் அமுலு எழுந்து, "எம்புள்ளதான் சார்" என்கிறார். அதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு தாயை நான் என் வசதிக்காக எழுப்பி நிறுத்துகிறேன் என்பதும் அப்போதே தெரிந்தது.

அன்றைக்கு அவர் எழவில்லை. மாளவிகா மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார்.

"உதாரணம்… எதுவும் இல்ல சார்."

சென்ற வருடம் மாதிரியே இந்த வருடமும் இருக்கட்டும் என்று லாரன்ஸ் முடித்துவைத்தார். பெண்களுக்கு வகுப்பு. பையன்களுக்கு விளையாட்டு பீரியட்.

(அப்படியானால் என்னிடம் எப்படிச் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பாலகணேஷ் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எழுதலாமா என்று மாளவிகா அவனிடம் போனில் கேட்டிருக்கிறார். பெயரையும் மற்றதையும் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சிரித்தானாம். "கதைன்னா பரவால்ல மிஸ். கதைய யாரு நம்பப் போறாங்க?")

9

அந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மாளவிகா பள்ளி வாசலில் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். எதிர்ச்சாரியில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த ராஜகோபாலன் சாலையைக் கடந்து வந்தார்.

"மேடம், நீங்க ஏதோ சொல்ல வந்தேள். சொல்லலை."

"அப்படி ஒண்ணும் இல்ல சார்."

அவர் போகவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பள்ளிக்குள் வாட்ச்மேன் ஹாலின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் எல்லார் முன்னாலயும் பெருசா பேசிட்டேன். நாங்கதான் சொல்லணும்னு. மஹதிக்கு நீங்களே சொல்லிட்டேள், அவ அம்மா நிம்மதியாயிட்டா. பிரணவுக்கு நான்தான் சொல்லணும். வண்டில பின்னால உக்காத்தி வெச்சுண்டு போறப்போ ஆரம்பிக்கலாம்னு பாப்பேன். சிக்னல் விழுந்துடும். பீச்சுக்குக் கூட்டிண்டு போனேன். சுண்டல் வாங்கிக் குடுத்துட்டு கூட்டிண்டு வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எங்கப்பா எனக்கு ஒண்ணும் சொன்னதில்லை, மேடம். அதனால எப்படி இருக்கும்னே தெரியலை. முதல் வார்த்தை மட்டும் சொல்லிக்குடுங்கோ. மீதியை நான் பாத்துக்கறேன்."

பூங்கா பெஞ்சில் மாளவிகா இங்கே நிறுத்தினார். நடைபாதையில் வேகமாக நடக்கிறவர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு எழுந்தார். "அதை விட்டுடுங்க" என்றார்.

விடாமல் எழுதிப் பார்த்தேன். ஒரு முடிவில் மாளவிகாவுக்குக் கோபம் வருகிறது. ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த கோபம். "நீங்கதானே சார் சொல்றேன்னீங்க, சொல்லுங்க" என்று வந்த ஆட்டோவில் ஏறிவிடுகிறார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் பிரணவ் என்ன தப்பு செய்தான்? இன்னொரு முடிவில், அந்த நடைபாதையில் நின்றபடியே, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், ஆசிரியர் அறை வாசலில் சொல்லாமல் விட்டதை வார்த்தை வார்த்தையாக அந்த அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் ஒரு மாணவனைப் போலத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். இது அழகாக இருக்கிறது. இப்படி எழுதினால் பாலகணேஷுக்கு நடந்ததற்கு ஏதோ ஈடு கிடைத்துவிட்ட மாதிரி ஆகிறது. ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

எனவே முடிவை நான் எழுதவில்லை. மாளவிகா சொல்லாததை நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ராஜகோபாலன் கேட்டது நிஜமான கேள்வி என்பதுதான். அவர் வாதத்தில் ஜெயித்துவிட்டு வந்து கேட்கிறார். அவருக்கு வேறு யாரையும் கேட்கத் தெரியவில்லை.

மாளவிகாவை மட்டும் கதையிலிருந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இப்போது ராஜகோபாலன் ஸ்கூட்டர் நிற்கும் அந்த மரத்தடிக்கே திரும்பிப் போய்த் தனியாக நிற்கிறார். பையனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், போனதும் அவனோடு சேர்ந்து சாப்பிட உட்காருவார். முதல் வார்த்தை மட்டும்தான் கேட்கிறார். நீங்கள் அந்த வழியாகத்தான் வருகிறீர்கள். உங்களைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டார்.